பெரட்டு முடிந்தால் பேச ஆளில்லை

வாசகர் கடிதம்

எனக்கு வயது 57. மலேசியாவில், கெடாவின் பாலிங்கைத் தாண்டி, சயாம் (தாய்லாந்து) எல்லைப் பக்கம் உள்ள ஒரு தோட்டத்தில் மண்டோர், அதாவது மேற்பார்வையாளர் வேலை. பாதி பால்மரம், பாதி செம்பனை. மனைவி இரண்டு வருடமாகக் கோலாலம்பூர் பக்கம் பூச்சோங்கில் மகள் வீட்டில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். மகன் ஜோகூரில் இருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறான். லயத்தில் இப்போது நம்மவர் குடும்பம் நாலே நாலுதான். மற்ற வீடுகளில் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும்.

நாலரைக்கு எழுந்து, வேலைக்கு ஆட்களைப் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவேன். ஒரு மணிக்கு வீடு. சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி, ஐந்து மணிக்கு மோட்டாரை எடுத்துக்கொண்டு டவுனில் சீனர் கடைக்குப் போவேன். அங்கே என்னைப் போல ஐந்தாறு பேர். ஆளுக்கு இரண்டு பாட்டில் பீர், ஆளுக்கு ஒரு கைப்பேசி. ஒன்பது மணிக்கு வீடு. மனைவியோடு இரண்டு நிமிடம் பேச்சு. மழை பெய்து பால்வெட்டு இல்லை என்றால் மதியமே கடைக்குப் போய்விடுகிறேன். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் இல்லை.

இனிப்பு நீருக்கு (நீரிழிவு) மாத்திரை சாப்பிடுகிறேன். சம்பளம் வருகிறது, கடன் இல்லை. குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் சில நாள், காட்டில் மலாயில் கத்தியதைத் தவிர வேறு பேச்சே பேசவில்லை என்பது படுக்கும்போதுதான் தெரிகிறது. சனிக்கிழமை இரவு படுத்து எழும்பாமல் கிடந்தால் திங்கள் பெரட்டு வரைக்கும் யாருக்கும் தெரியாது. வேலையை விட்டுவிட்டு மகளிடம் போய்விடலாமா? போனால் அங்கே நான் என்ன செய்வேன்? இதை யாரிடமும் சொன்னதில்லை. ஆம்பளைக்கு என்ன கேடு என்பார்கள்.

பெயர் வேண்டாம், பாலிங் வட்டாரம்

பதில்

ஐயா, வணக்கம்.

மகளிடம் போவதா வேண்டாமா என்பது உங்கள் கேள்வி. அதற்கு வருகிறேன். முதலில் அந்தச் சனிக்கிழமை இரவைப் பற்றிப் பேசிவிடுவோம். அந்த வரியை இரண்டு விதமாகப் படிக்கலாம். தனியாக இருக்கும்போது மயங்கி விழுந்தால் என்ன ஆகும் என்ற பயம் ஒன்று. இனிப்பு நீரும் மாலையில் பீரும் உள்ள ஒருவருக்கு அது நியாயமான பயம். எழும்பாமலே போய்விட்டால் தேவலை என்ற நினைப்பு இன்னொன்று. உங்களுடையது எது என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. உங்களுக்குத் தெரியும்.

முதலாவது என்றால் வழி சுலபம். அந்த நாலு குடும்பத்தில் ஒருவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் காலை எட்டு மணிக்குள் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு வணக்கம் போடுவீர்கள். வரவில்லை என்றால் அவர் வந்து கதவைத் தட்டுவார். அவருக்காக நீங்களும் அதையே செய்யுங்கள். அப்படிச் செய்தால் உதவி கேட்டோமே என்ற கூச்சம் இருக்காது.

இரண்டாவது என்றால் இன்றைக்கே ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மனக்கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்கும் பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. அரசாங்க உதவி எண் தாலியான் காசே 15999. தமிழ் பேசுபவர் இருக்கிறாரா என்று எடுத்தவுடன் கேளுங்கள். இல்லையென்றால் மலாயில் சொல்லுங்கள், காட்டில் பேசும் மலாய் போதும். மண்டோர் என்றால் தோட்டத்தில் அடிக்கும் மருந்து வைத்திருக்கும் ஸ்டோரின் சாவி உங்கள் கையில் இருக்கும். அந்த நினைப்பு வரும் நாட்களில் சாவியை ஆபீஸ் எழுத்தரான கிராணியிடம் கொடுத்து வையுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று. தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்று சொன்ன சட்டப் பிரிவை நம் நாட்டில் 2023ல் எடுத்துவிட்டார்கள். வெளியே சொன்னால் போலீஸ் வரும் என்று பயந்து மறைக்கும் ஆண்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

சரி, "ஆம்பளைக்கு என்ன கேடு" என்ற பேச்சு. சுங்கை பட்டாணியில் ஆலோசனைக்கு என்று நான் பார்க்கும் ஆண்களில் தாமாக வருபவர் குறைவு. மனைவியோ மகளோ கூட்டி வருவார்கள், அவர் வாசலில் நின்று "எனக்கு ஒன்னுமில்ல" என்பார். நீங்கள் உட்கார்ந்து ஒரு கடிதமே எழுதிவிட்டீர்கள். அது பெரிய விஷயம். உலகத்தில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. உடம்பையும் அது விடுவதில்லை. 2010ல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 148 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மூன்று லட்சத்துக்கும் அதிகமானோரின் விவரம் அதில் இருந்தது. உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு கூடுதல். சிகரெட்டை விடுவதால் கிடைக்கும் பலனோடு ஒப்பிடக்கூடிய அளவு அது. ஆகவே கேடு உண்டு, ஆம்பளைக்கும் உண்டு.

அடுத்து இரண்டு மணி விழிப்பு. நீங்கள் அதைக் கவலையின் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் பீர் மேல்தான் சந்தேகம். மது கண்ணைச் சீக்கிரம் அசத்திவிடும். உடம்பு அதைக் கரைத்து முடிக்கும் நேரத்தில், அதாவது இரவின் பின்பாதியில், தூக்கத்தைக் கலைத்துவிடும். ஒன்பது மணிக்குக் குடித்து முடித்துப் படுக்கும் ஒருவருக்கு இரண்டு மணிக்கு விழிப்பு வருவது ஆச்சரியமே இல்லை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ராத்திரி சிறுநீருக்கு எழ வேண்டியிருக்கும், அதுவும் சேர்ந்துகொள்ளும். இனிப்பு நீர் மாத்திரைகளில் சில, குடியோடு சேர்ந்தால் இரவில் சர்க்கரையை மிகவும் இறக்கிவிடும். வியர்த்து, படபடப்போடு முழிப்பு வந்தால் அதைக் கண்டிப்பாக டாக்டரிடம் சொல்லுங்கள். எத்தனை பாட்டில் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டு இந்தியப் பெரியவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு நீரிழிவு இருந்தது. கிளினிக் டாக்டர் உங்களைப் போல எத்தனையோ பேரைப் பார்த்தவர். திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.

அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). மாத்திரை எடுக்கப் போகும் நாளிலேயே கவுண்டரில் "சாரிங்ஙான் மிண்டா சிஹாட்" செய்ய வேண்டும் என்று கேளுங்கள். மனநிலையைப் பற்றிச் சில கேள்விகள் கொண்ட ஒரு தாள் தருவார்கள். தனிமை வேறு, மனச்சோர்வு நோய் வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் பெரும்பாலான நேரம் எதிலும் மனம் ஒட்டாமல், பசி கெட்டு, உடம்பு கனத்து, நம்மால் யாருக்கும் பயன் இல்லை என்ற எண்ணம் சுற்றிக்கொண்டே இருந்தால் அது நோய்க் கணக்கில் வரும். அதற்கு மருந்தும் சிகிச்சையும் இருக்கின்றன. தேவைப்பட்டால் சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலீம் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். ஆண்களில் சிலர் மனச்சோர்வு வந்தால் அழமாட்டார்கள், எரிந்து விழுவார்கள். காட்டில் கத்துவது முன்பைவிடக் கூடியிருக்கிறதா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

குடியை நாளைக்கே விடுங்கள் என்று சொல்ல வரவில்லை. தினமும் குடித்துப் பழகியவர் ஒரேயடியாக நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, குழப்பம் வரலாம், வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு பாட்டிலை ஒன்றாக்குங்கள். மழை நாளிலும் ஐந்து மணிக்கு முன் தொடாதீர்கள். இப்போதைக்கு அவ்வளவு போதும்.

இனி உங்கள் ரொட்டின், அதாவது தினசரி வழக்கம். கைப்பேசியில் தன்னம்பிக்கை பேசும் ஆட்கள் எல்லாரும் ஒரே ராகத்தில் அதை உடைக்கச் சொல்வார்கள். நான் அதற்கு நேர் எதிர். நாலரைக்கு எழுவது, பெரட்டு, நடை, வெயில், வேலை, இதெல்லாம் உங்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. ஒரு நாள் நீங்கள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருக்கும் ஒரே இடம் பெரட்டுக் களம். அதை எதற்கு உடைக்க வேண்டும்?

பழுது மதியத்துக்குப் பிறகுதான். பால்மரத்தின் உள்ளழுத்தம் விடியற்காலையில்தான் அதிகம், அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் தோட்டத்து ஆளின் நாள் இருட்டில் தொடங்கி மதியத்தோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கால அட்டவணை குடும்பங்கள் நிறைந்த லயத்துக்காக அமைந்தது. ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தால் மனைவி இருப்பார், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருவார்கள், பக்கத்து வீட்டில் யாராவது குரல் கொடுப்பார்கள், சாயங்காலம் திடலில் பந்து விளையாட்டு, கோவில் பக்கம் உருமி மேளப் பழக்கம், மாதத்தில் ஒரு நாள் திரை கட்டிப் படம். குடும்பங்கள் பட்டணத்துக்குப் போய்விட்டன. அட்டவணை மட்டும் அப்படியே இருக்கிறது. காலைப் பாதியில் வேலை இன்னும் இருக்கிறது, மதியப் பாதியில் ஆட்கள் இல்லை. உங்கள் குணத்தில் ஏதோ கெட்டுவிட்டதாக நினைத்தீர்கள் என்றால், அதை விட்டுவிடுங்கள்.

உங்கள் பக்கத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 1955 டிசம்பரில் மலாயாவின் முதலமைச்சராக இருந்த துங்கு அப்துல் ரஹ்மானும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கும் பேச உட்கார்ந்தது பாலிங்கில்தான். அந்தப் பேச்சு முறிந்தது. எல்லைக் காட்டில் துப்பாக்கிச் சண்டை அதற்குப் பிறகும் இழுத்துக்கொண்டே போய், 1989 டிசம்பரில் ஹாட்யாய் ஒப்பந்தத்தோடுதான் ஓய்ந்தது. உங்கள் அப்பா தலைமுறை ஊரடங்கிலும் சோதனைச் சாவடியிலும் வாழ்ந்து பழகியது. வெளியே போய்வருவது குறைவு, உள்ளுக்குள் ஒருவரையொருவர் அவ்வளவு நெருக்கமாக அறிந்திருந்தார்கள். அந்த நெருக்கத்தில் வளர்ந்த ஆளுக்கு இன்றைய காலி லயம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கும்.

ஆக, நேரத்தை மாற்றாதீர்கள். அதே நேரத்துக்குள் ஆளைக் கொண்டுவாருங்கள். மனசு சரியானதும் செய்கிறேன் என்று காத்திருக்கவும் வேண்டாம். மனச்சோர்வு சிகிச்சையில் இதை ஆய்வு செய்தே பார்த்திருக்கிறார்கள். நீல் ஜேக்கப்சன் குழு 1996ல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்குள் அர்த்தமுள்ள செயல்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவருவது மட்டுமே, எண்ணங்களை மாற்றும் முழுச் சிகிச்சைக்கு ஈடான பலன் தந்தது. செய்யத் தொடங்கினால் மனசு பின்னால் வரும்.

எங்கே தொடங்குவது? ஐந்து மணிக் கடையில். அங்கே இருக்கும் ஐந்தாறு பேரும் உங்களைப் போல என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மனைவியை இழந்தவர் ஒருவர் இருப்பார், கல்யாணமே ஆகாமல் வயது போனவர் ஒருவர் இருப்பார், சம்பளம் வந்தால் எல்லை தாண்டி பெத்தோங் போய்க் காசைக் கரைத்துவிட்டு வருபவர் ஒருவர் இருப்பார். இத்தனை வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்தும் யாருக்கும் யாருடைய உள்கதையும் தெரியாது. பந்து, லாட்டரி நம்பர், அரசியல், அப்புறம் கைப்பேசி. அவர்களிடம் போய் "மனசு எப்படி இருக்கு" என்று கேட்டால் எழுந்து போய்விடுவார்கள், நானே போய்விடுவேன். உங்களுடையதை முதலில் ஒரு வரி போடுங்கள். "ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது அண்ணே, உங்களுக்கு எப்படி?" தூக்கத்தைப் பற்றிப் பேச ஆண்கள் வெட்கப்படமாட்டார்கள். அதில் இருந்து மற்றது வரும். வராவிட்டாலும் பரவாயில்லை, இன்னொரு நாள் வரும்.

அதைவிட நல்ல வழி, அவர்களில் இரண்டு பேரை வாரத்தில் ஒரு மதியம் மேசையை விட்டுக் கிளப்புவது. ஆஸ்திரேலியாவில் 1990களில் ஆண்களுக்கான பட்டறைகள் தொடங்கின. வேலை ஓய்ந்த ஆண்கள் கூடி மரவேலை செய்வார்கள், பழைய சாமான் பழுது பார்ப்பார்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் பேசாதவர்கள் பக்கத்தில் நின்று வேலை செய்யும்போது பேசிவிடுவார்கள் என்பதுதான் அதன் சூட்சுமம். நமக்குப் பட்டறை கட்ட வேண்டிய அவசியம் இல்லை. தோட்டத்துக் கோவில் இருக்கிறது. லயம் காலியானதும் அங்கே கூரைத் தகரம் துரு ஏறியிருக்கும், மழைநீர்ப் பீலி அடைத்திருக்கும், மடப்பள்ளிப் பக்கம் புல் ஏறியிருக்கும். மூன்று மணிக்குப் போய் ஒன்றரை மணி நேரம் வேலை, ஒரு கோப்பி, அப்புறம் வேண்டுமானால் கடை.

சாமி கும்பிடச் சொல்லும் ஆலோசனை என்று நினைக்காதீர்கள். கும்பிடுவதும் கும்பிடாததும் உங்கள் விருப்பம். திருவிழா வந்தால் பினாங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் பழைய ஆட்கள் கார் போட்டுக்கொண்டு வருகிறார்களே, அவர்களுக்கு இன்னும் அந்தத் தோட்டம் வேண்டும். இருந்து பார்த்துக்கொள்ளும் ஆள் நீங்கள். வேலை செய்யும்போது ஒரு படம் எடுத்துத் தோட்டத்துப் பழைய ஆட்களின் புலனக் குழுவில் போடுங்கள். குழு இல்லையென்றால் மகளிடம் சொல்லி ஒன்று ஆரம்பியுங்கள். "அந்த மாமரம் இன்னும் இருக்கா?" என்று யாராவது கேட்பார். பதில் குரலில் அனுப்புங்கள், எழுத்து வேண்டாம். ஒரு நாளைக்கு இத்தனை தமிழ் வார்த்தை உங்கள் வாயில் இருந்து வெளியே வர வேண்டும், எனக்கு அதுதான் கணக்கு.

மழை நாளுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது, வெட்டினாலும் பால் மங்குக்குள் விழாமல் வழிந்து போகும். காலை ஏழு மணிக்கே நாள் முழுவதும் கையில் காலியாக நிற்கும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை கெடாவில் இப்படிப்பட்ட நாட்கள் நிறைய. மழை வந்த பிறகு யோசித்தால் கால் கடைக்குத்தான் போகும். முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள்: கிளினிக், முடிவெட்டு, சுங்கை பட்டாணி பேருந்து, யாராவது ஒரு பழைய கூட்டாளி வீடு.

அப்புறம், பக்கத்து லயத்து ஆட்கள். "மற்ற வீடுகளில் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும்" என்று எழுதிய விதத்திலேயே அவர்களை ஆட்கணக்கில் நீங்கள் சேர்க்கவில்லை என்று தெரிகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான். பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு, இரவில் கைப்பேசியில் முகம் பார்த்துத் தூங்கப் போகும் ஆட்கள் அவர்கள். 1938ல் இந்திய அரசு நிறுத்தும் வரை ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டி வந்த நம் ஆட்களும் இதே லயங்களில் இதே மாதிரிதான் கிடந்தார்கள். மண்டோருக்கும் வேலையாளுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம், அதில் நியாயம் உண்டு. நட்பாக வேண்டாம். பெரட்டில் பெயர் கூப்பிட்ட பிறகு ஒருவரிடம் "பிள்ளை எப்படி இருக்கு, பணம் அனுப்பிட்டியா" என்று கேட்பதால் மரியாதை குறையாது. நோன்புப் பெருநாளான ஹரிராயாவுக்கு அவர்கள் சமைப்பதைப் போய்ச் சாப்பிடுங்கள். தீபாவளிக்கு ஒரு தட்டு முறுக்கு அனுப்புங்கள். இரவில் உங்களுக்கு மயக்கம் வந்தால் முதலில் ஓடி வரக்கூடியவர் பக்கத்து வீட்டு ஆள்தான், அவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும்.

இப்போது உங்கள் கேள்வி. ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973லேயே தனிமையை இரண்டாகப் பிரித்துச் சொன்னார். மனதுக்கு நெருங்கிய ஒருவர் இல்லாத தனிமை ஒன்று, கூடிப் பழக ஒரு வட்டம் இல்லாத தனிமை இன்னொன்று. ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு வேலை செய்யாது. உங்களுக்கு இரண்டுமே இருக்கிறது. பூச்சோங் போனால் முதலாவது தீரும், மனைவி பக்கத்தில் இருப்பார். இரண்டாவது இன்னும் மோசமாகலாம். பதினைந்தாவது மாடியில் மகளும் மருமகனும் வேலைக்குப் போன பிறகு, பிள்ளையும் மனைவியும் தூங்கும் மதியத்தில், கீழே இறங்கினால் தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? "அங்கே நான் என்ன செய்வேன்" என்று கேட்டீர்களே, அது பயந்தவர் கேட்கும் கேள்வி மட்டும் கிடையாது. சரியான கேள்வி. அதற்கு விடை கிடைக்கும் முன் வேலையை விடக்கூடாது என்பது என் கருத்து.

இந்தத் தேதியையும் மனதில் வையுங்கள். 2013 ஜூலையில் இருந்து தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. உங்களுக்கு இன்னும் மூன்று வருடம். வேலை முடிந்தால் தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டி வரும், எத்தனை நாள் தருவார்கள் என்பதை ஆபீஸில் இப்போதே கேட்டு வையுங்கள். எப்படியும் ஒரு நாள் போகத்தான் வேண்டும், ஆனால் அது இந்த மாதமாக இருக்க வேண்டியதில்லை. ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து அவசர அவசரமாக எதையும் வாங்கிவிடவும் வேண்டாம்.

மனைவியிடம் இந்தக் கடிதத்தில் உள்ளதைச் சொன்னீர்களா? ஒன்பது மணிக்கு இரண்டு பேரும் களைத்துப் போயிருக்கும் நேரத்தில் "சாப்டியா, சாப்டேன்" தவிர வேறென்ன வரும்? பேச்சை மதியம் இரண்டு மணிக்கு மாற்றுங்கள். பிள்ளை தூங்கும் நேரம், நீங்கள் சமைக்கும் நேரம். கைப்பேசியை மிளகாய்த்தூள் டப்பா மேல் சாய்த்து வைத்துவிட்டுச் சமையுங்கள், குழம்பில் புளி அதிகம் என்று அவர் அங்கிருந்தே திட்டட்டும். அப்படி ஒரு நாள் பேசும்போது "இங்கே தனியா முடியல" என்று அந்த மூன்று வார்த்தையைச் சொல்லிவிடுங்கள். அவருக்கும் அங்கே சொல்ல ஏதாவது இருக்கும். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போன பாட்டிமார்கள் எல்லாரும் சந்தோஷமாகவே இருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். மாதத்தில் ஒரு வார இறுதிக்காவது அவர் தோட்டத்துக்கு வரட்டும், மகள் லீவு போட்டுப் பிள்ளையைப் பார்க்கட்டும். இதை மகளிடம் கேட்பதில் தவறே இல்லை. பெற்றோர் இரண்டு பேரையும் பிரித்து வைத்திருக்கிறோம் என்பது பிள்ளைகளுக்குப் பல நேரம் தோன்றுவதே இல்லை.

பூச்சோங்கை முதலில் ஒத்திகை பாருங்கள். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்குச் சட்டப்படி வருடத்துக்கு 16 நாள் விடுப்பு உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து பால் குறையும், அப்போது கேட்டால் மானேஜர் முகம் சுளிக்கமாட்டார். தீபாவளிக்கோ பள்ளி விடுமுறைக்கோ போகாதீர்கள், அந்த நாட்களில் எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும். சாதாரண வாரங்களில் போய் இரண்டு வாரம் தங்குங்கள். நாலரைக்கு எழும் பழக்கத்தை அங்கேயும் விடாதீர்கள். காலையில் தனியாக நடந்து போய் ஒரு கோப்பிக் கடை, ஒரு முடிதிருத்தும் கடை, ஒரு கோவில், ஒரு சந்தை கண்டுபிடியுங்கள். மகள் காரில் கூட்டிப் போகக்கூடாது. பக்கத்தில் காவலாளி வேலை, தோட்ட வேலை ஏதாவது இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அந்த வட்டாரத்தில் நம் வயதுத் தோட்டத்து ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பேச்சைக் கேட்டாலே எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவீர்கள். இரண்டு வாரம் முடியும்போது வீட்டுக்கு வெளியே உங்கள் பெயர் தெரிந்தவர் ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் 60 வரை காத்திருக்க வேண்டுமா என்று மனைவியோடு உட்கார்ந்து பேசலாம். இல்லையென்றால் அடுத்த வருடம் அதே மாதத்தில் இன்னொரு முறை போய்ப் பாருங்கள், வேலை கையில் இருக்கட்டும்.